தயிர் சாதத்திலிருந்து பச்சை இறைச்சிக்கு

நாய்க்கு எது இயற்கை உணவு? பவானிபூரில் ஒரு தமிழ்க் குடும்பம் இரண்டரை ஆண்டுகள் தேடிய விடை

காலை ஆறரை மணி. தெற்குக் கொல்கத்தாவின் பவானிபூரில் ஜதுபாபு பஜார் அப்போதுதான் சோம்பல் முறிக்கிறது. மீன்காரர்கள் ஐஸ் பெட்டிகளைக் கவிழ்க்கிறார்கள். கோழிக் கடைகளின் வரிசையில், நெற்றியில் விபூதிக் கீற்றும் கையில் ஒயர் கூடையுமாக ஒரு தமிழ்ப் பெண்மணி நிற்கிறார். வயது 61. பிறந்தது முதல் முட்டையைக்கூட வாயில் வைத்ததில்லை.

"என்ன மாஷிமா, கழுத்து வேண்டாமா?" என்று வங்காளியில் கேட்கிறார் கடைக்காரர்.

"கழுத்து வேண்டாம். எலும்பில்லாத கறி முந்நூறு கிராம். ஈரல் முப்பது கிராம். அதற்கு மேல் ஒரு துண்டுகூடப் போடாதே," என்று அதே மொழியில் கறாராகச் சொல்கிறார் அவர். கடைக்காரர் தராசைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார். ஈரலை இப்படிக் கிராம் கணக்கில் வாங்கும் வாடிக்கையாளர் அவருக்கு இவர் ஒருவர்தான்.

இத்தனையும் ஜிம்மிக்காக. ஜிம்மி என்பது வெளிர் மஞ்சள் நிற லேப்ரடார். 2018 டிசம்பரில் ஒன்றரை மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்தது. அது வந்த வீடு, அப்படி ஒரு பிராணிக்குக் கொஞ்சமும் தயாராக இல்லாத வீடு. கணவர் மத்திய அரசு அலுவலக வேலைக்காக 1987இல் கல்கத்தா வந்தவர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1984 அக்டோபரில், நாட்டின் முதல் மெட்ரோ ரயில் எஸ்பிளனேடில் புறப்பட்டு வந்து நின்றது இந்தப் பவானிபூரில்தான். அந்த நிலையத்துக்கு இன்று நேதாஜி பவன் என்று பெயர். வங்காளிகள், குஜராத்திகள், பஞ்சாபிகள், மார்வாரிகள் என்று எல்லோரும் கலந்து வாழும் பகுதி. பில்டர் காபிப் பொடிக்கும் வாழை இலைக்கும் பக்கத்திலேயே லேக் மார்க்கெட். ஊர் மாறினாலும் சமையலறை மாறவில்லை. வெங்காயம்கூட அமாவாசையன்று நுழையாத சமையலறை அது.

ஆகவே ஜிம்மியும் சைவமாகவே வளர்ந்தது. காலையில் மேரி பிஸ்கட், மதியம் பருப்பு சாதம், இரவு தயிர் சாதம், நடுவில் யாராவது எறியும் இட்லி. "தயிர் சாதம் தின்கிற நாய்க்குக் கோபமே வராது," என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். அவருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. மருமகள் வெளியே போகும் நேரங்களில் அவருக்குத் துணை ஜிம்மிதான். பால்கனியில் அவர் மோடாவில் உட்கார்ந்திருக்க, அது அவர் காலடியில் தலையை வைத்துப் படுத்துக் கிடக்கும்.

கோபம் வரவில்லை. ஆனால் உடம்பு வந்துவிட்டது. 2022 கோடையில் ஜிம்மியின் எடை 38 கிலோ. முப்பது இருந்தால் போதும். காதில் அடிக்கடி புண். இரவெல்லாம் பாதத்தை நக்கி நக்கித் தோல் சிவந்துபோனது. பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "அம்மா, நாய் ஓநாயின் வம்சம். அதற்கு நீ தயிர் சாதம் போடுகிறாய். பச்சை இறைச்சி கொடு. எல்லாம் சரியாகிவிடும்."

மகன் சொன்னது அவன் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய ஒரு புத்தகம் இந்தச் சிந்தனையை உலகெங்கும் பரப்பியது. கடையில் விற்கும் உலர் தீவனம் நாயின் உடலுக்குப் பொருந்தாது. பச்சை இறைச்சி, பச்சை எலும்பு, உள்ளுறுப்புகள், கொஞ்சம் காய்கறி என்று கொடுத்தால் பல்லும் தோலும் குடலும் சீராகும் என்பது அவர் வாதம். தீவன வியாபாரத்துக்கு அப்படி ஒன்றும் பழைய வரலாறு இல்லை என்பது உண்மைதான். 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் நாய் பிஸ்கட் விற்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். அதற்கு முன் வீட்டில் மிஞ்சியதும் கசாப்புக் கடையில் கழிந்ததும்தான் நாய்க்குத் தீனி.

ஆனால் ஓநாய் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 12 ஓநாய்கள், 60 நாய்கள் ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான். நாய்களுக்கோ நான்கு முதல் முப்பது வரை. மனிதனோடு சேர்ந்து வாழத் தொடங்கியதும் அவன் சோற்றைச் செரிக்கவும் நாய் கற்றுக்கொண்டுவிட்டது. இதைத் தெற்குத் தமிழ்நாட்டில் யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியதில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் கம்பங்கூழும் கேப்பைக் கூழும் குடித்துவிட்டுத்தான் முயலைத் துரத்தின.

அந்த அம்மாளுக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: பிள்ளையைப் போல வளர்த்த பிராணி இரவெல்லாம் தூங்காமல் நக்கிக்கொண்டிருக்கிறது. சைவ வீட்டில் இறைச்சியா என்ற கேள்விக்கு யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து அனுமதி வந்தது. "அதற்கு அதன் ஆகாரம், நமக்கு நம் ஆகாரம். பாவம் பார்த்துப் பட்டினி போடலாமா? அந்தத் தட்டு மட்டும் என் பக்கம் வரக்கூடாது," என்றார் மாமியார். கணவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செய்வதானால் செய்துகொள். கடைக்கு என்னை அனுப்பாதே," என்பதோடு அவர் ஆட்சேபணை முடிந்தது.

2022 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோலோடு அரைக் கிலோ கோழிக் கால்கள் வந்தன. ஜிம்மிக்கு அது தீபாவளி. ஒரே நிமிடத்தில் தட்டு காலி. மறுநாள் விடியற்காலை வாந்தி. அதற்கடுத்த மூன்று நாள் பேதி. பால்கனியைக் கழுவிக் கழுவி அந்த அம்மாளின் கை ஓய்ந்துபோனது. மகனோ "உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று தைரியம் சொன்னான்.

நஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றரை ஆண்டுகள் சோறும் தயிருமே பழகிய குடலில் திடீரென்று கொழுப்பும் புரதமும் வந்து விழுந்தால் வேறு என்ன ஆகும்? அக்கம்பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டர் இதைத்தான் சொன்னார். 1893இல் தொடங்கப்பட்ட பேல்காச்சியா கால்நடைக் கல்லூரியில் படித்தவர் அவர். கொழுப்பு ஒரேயடியாக அதிகமானால் கணையம் வீங்கி நாய் செத்தே போகலாம் என்று எச்சரித்தார். பச்சை உணவைத் தான் பரிந்துரைப்பதில்லை என்றும் சொன்னார். ஆனாலும் பிடிவாதமாக இருப்பவர்களை விரட்டிவிட்டால் அவர்கள் தவறாகவே செய்துகொண்டிருப்பார்கள் என்பது அவர் அனுபவம். எனவே மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு எழுதிக் கொடுத்தார்.

முதலில் வயிறு தேறும்வரை கஞ்சி. பிறகு பத்து நாள் மாற்றம். முதல் மூன்று நாள் கால் பங்கு புது உணவு, முக்கால் பங்கு பழையது. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு புதியது. பத்தாம் நாள் முழுமையாக. நடுவில் பேதி கண்டால் ஒரு படி பின்னால் போய் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரே வகை இறைச்சிதான், அதுவும் தோலும் கொழுப்பும் நீக்கியது. அது ஒத்துக்கொண்டபின் இரண்டாவது வகை. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு போதும். எடை குறைய வேண்டிய நாய்க்கு அது எட்ட வேண்டிய எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஜிம்மிக்கு 600 கிராம். அதற்காகச் சமையல் தராசு ஒன்று வந்தது.

"வெறும் கறியை மட்டும் போட்டால் நாய்க்கு நல்லது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம்," என்கிறார் அந்த அம்மாள். இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். இரண்டும் ஏறக்குறைய சம அளவிலாவது இருந்தால்தான் எலும்பு நிற்கும். இல்லாவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். வெறும் இறைச்சியில் வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவதும் தானாக எலும்பு முறிவதும் இதனால்தான். அதற்காகத்தான் பச்சைக் கோழிக் கழுத்து போன்ற மெல்லிய எலும்புகள். எலும்பு வேண்டாம் என்பவர்களுக்கு முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்த தூள் இருக்கிறது. ஒரு டீஸ்பூனில் சுமார் 2 கிராம் கால்சியம். ஈரல் சத்துள்ளது, ஆனால் மொத்த உணவில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போனால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிச் சேர்ந்து அதுவே விஷம். ஜதுபாபு பஜாரில் ஈரல் கிராம் கணக்கில் நிறுக்கப்படும் ரகசியம் இதுதான்.

வங்காளத்துக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் கிடைத்தன. முதலாவது மீன். கெண்டை இனம் உட்படப் பல நன்னீர் மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். ஆகவே ரோகு மீன் தலையைப் பச்சையாகத் தினமும் போடக்கூடாது. இரண்டாவது, கசாப்புக் கடையில் நாய்க்கென்றே மலிவாகத் தள்ளிவிடும் கழிவுத் துண்டுகள். வங்காளிகள் 'சாண்ட்' என்பார்கள். அதில் ஆட்டு நுரையீரலும் ஈரலும் கலந்திருக்கும். அவற்றில் நீர்க்கட்டிப் புழுவின் கட்டிகள் இருந்தால், பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டைகள் நாயிடமிருந்து வீட்டு மனிதருக்கு வந்து, அவர்கள் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாக உட்காரும். நாய்க்குச் சேதம் அதிகம் இல்லை. அவதி மனிதருக்குத்தான்.

செப்டம்பரில் இரண்டாவது முயற்சி நிதானமாக நடந்தது. வாந்தி இல்லை, பேதி இல்லை. அந்த அம்மாள் மூச்சு விடத் தொடங்கிய நேரத்தில் வந்தது துர்கா பூஜை.

நவமியன்று தமிழ் வீட்டில் ஆயுத பூஜை. புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் வைத்துச் சுண்டல் நைவேத்தியம். அதே நாள் வங்காளி வீடுகளில் ஆட்டுக்கறி. எதிர்வீட்டு அம்மையார் ஜிம்மி இப்போது மாமிசம் சாப்பிடுகிறது என்று கேள்விப்பட்டு அகமகிழ்ந்து போயிருந்தார். விருந்து முடிந்ததும் கிண்ணம் நிறைய எலும்புகளைக் கொண்டுவந்து பாசத்தோடு அதன் முன்னால் வைத்தார். சுண்டல் விநியோகத்தில் இருந்த யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் ஜிம்மி முக்கி முனகியது. மலத்தோடு ரத்தம். பச்சை எலும்பு ஓரளவு வளையும். வெந்த எலும்பு காய்ந்து ஊசி ஊசியாக உடையும். குடலைக் கிழிக்கும் அல்லது சுண்ணாம்பாக இறுகி அடைத்துக்கொள்ளும். விஜயதசமியன்று மஞ்சள் டாக்ஸிக்காரர் ஒருவரை இரட்டிப்புக் கட்டணத்துக்குச் சம்மதிக்க வைத்து, பந்தல்களுக்கும் ஊர்வலங்களுக்கும் நடுவே ஊர்ந்து, திறந்திருந்த ஒரு சிகிச்சை மையத்தைத் தேடிப் போனார்கள். கடைக்குப் போகமாட்டேன் என்ற கணவர்தான் முப்பத்தாறு கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். எனிமாவோடு தப்பித்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. எலும்பைத் தந்த எதிர்வீட்டு அம்மையார் இரண்டு நாள் அழுதார். சாம்பார் வெங்காயமும் பாயசத்துத் திராட்சையும் நாய்க்கு விஷம் என்பது அப்போதுதான் இரு வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. மசாலாக் கறியில் ஊறிய எலும்பில் வெங்காயமும் இருந்தது.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் எல்லாம் சீராக ஓடின. பால்கனி மூலையில் தனிக் கத்தி, தனிப் பலகை, தனிப் பாத்திரம். பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்று ஜிம்மிக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2023 முடிவில் எடை 30 கிலோ. காது ஆறியது. பாதத்தில் முடி முளைத்தது. மகன் வெற்றிக்களிப்பில் இருந்தான்.

அந்த அம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பச்சை இறைச்சி தொடங்கிய அதே சமயத்தில் டாக்டர் உண்ணிக்கு ஒழுங்காக மருந்து கொடுக்க வைத்தார். காதுக்குச் சொட்டு மருந்து தந்தார். மேரி பிஸ்கட் நின்றது. ஒவ்வொரு வேளையும் தராசில் நிறுத்து வைக்கப்பட்டது. இவற்றில் எது நாயைக் குணப்படுத்தியது? "அரைப் பட்டினியும் உண்ணி மருந்தும் போட்டுத் தயிர் சாதத்தையே கொடுத்திருந்தால்கூடப் பாதி சரியாகியிருக்குமோ என்னவோ," என்கிறார் அவர். பச்சை உணவின் மகிமை பேசுகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை.

2024 நவம்பரில் ஹைதராபாதிலிருந்து மகள் வந்தாள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு. வந்தவள் ஜிம்மியைக் கட்டிக்கொண்டாள். அது அவள் முகமெல்லாம் நக்கியது. அப்போது அது காலைச் சாப்பாட்டை முடித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

அன்று மாலையே மகள் கேட்டாள்: "அம்மா, டாக்டர் என்னைப் பச்சைப் பாலைக்கூடத் தொடாதே என்கிறார். இது பச்சைக் கோழியைத் தின்றுவிட்டு என் முகத்தை நக்குகிறதே, பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல அந்த அம்மாளால் முடியவில்லை. மறுநாளே கால்நடை டாக்டரிடம் போனார். கிடைத்த பதில் கசப்பாக இருந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை பிராணிகளுக்கான பச்சை உணவு மாதிரிகள் 196ஐச் சோதித்தது. 15இல் சால்மோனெல்லா, 32இல் லிஸ்டீரியா கிருமிகள். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்கப்படுத்துவதில்லை என்று 2012இல் கொள்கையே வகுத்தது. நாய்க்கு இந்தக் கிருமிகளால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டே எச்சிலிலும் மலத்திலும் அவற்றைப் பரப்பிக்கொண்டிருக்கும். லிஸ்டீரியா கர்ப்பிணிகளைத் தாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல்போல வந்து போகும். வயிற்றில் இருக்கும் சிசு இறந்தே போகலாம்.

"நான் எல்லாவற்றையும் பிரீசரில் வைத்துத்தானே கொடுக்கிறேன்?" என்று கேட்டார் அவர். உறைய வைத்தால் புழுக்களும் அவற்றின் கட்டிகளும் சாகும். சால்மோனெல்லாவும் லிஸ்டீரியாவும் உறக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். பனி உருகியதும் எழுந்துகொள்ளும். லிஸ்டீரியா குளிர்பதனப் பெட்டியின் சாதாரணக் குளிரிலேயே பெருகக்கூடியது. கண்ணெதிரில் அறுத்து வாங்குவதும் உத்தரவாதமல்ல. நல்ல கோழியின் குடலிலும் இந்தக் கிருமி குடியிருக்கும். இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பது கொல்கத்தாவாசிகளுக்கு ஏற்கெனவே ஆறாத புண். குப்பைமேட்டில் வீசிய செத்த பிராணிகளின் மாமிசம் விற்பனைக்குப் போனது 2018 ஏப்ரலில் பஜ்பஜ்ஜில் அம்பலமாகி, ஊரே சில வாரங்கள் கறியைத் தொடாமல் இருந்தது. போதாக்குறைக்குப் பறவைக் காய்ச்சல் வேறு. 2008இல் மேற்கு வங்காளத்தை உலுக்கிய அதே எச்5என்1 வைரஸ், 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே கண்டுபிடிக்கப்பட்டது. பச்சைக் கோழி அதற்கும் ஒரு வழி.

அன்றிரவு வீட்டில் வாக்குவாதம். மகன் தொலைபேசியில் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டைக் கொதிநீரில் கழுவு, சாப்பிட்டு இருபது நிமிடத்தில் எடுத்துவிடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, கோழியைக் குழாயடியில் கழுவித் தண்ணீரைத் தெறிக்க விடாதே, பனி உருகுவதற்குச் சமையல் மேடையில் வைக்காமல் பெட்டியின் அடித்தட்டில் மூடி வை என்று வரிசையாகச் சொன்னான். எல்லாம் சரியான யோசனைகளே. எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். "தட்டைக் கழுவலாம். அதன் நாக்கை எப்படிக் கழுவுவது?" என்று கேட்டார் கணவர். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஜிம்மியை மூன்று மாதம் எங்காவது விட்டுவிடலாம் என்ற பேச்சும் வந்தது. மகளே தடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. அதே கறியை வேகவைத்துவிட்டால் என்ன? உள்வரை 74 டிகிரி சூடேறினால் இந்தக் கிருமிகள் எதுவும் மிஞ்சாது. சைவ வீட்டில் பச்சை இறைச்சி வெட்டுவது ஒரு படி. அதை அடுப்பில் ஏற்றுவது இன்னொரு படி. வாசம் வரும். அந்த அம்மாள் ஒரு நாள் யோசித்தார். பிறகு பால்கனிக்கு ஒரு மின்னடுப்பும் சின்ன குக்கரும் வந்துசேர்ந்தன.

திரும்பும் பாதையிலும் பழைய ஒழுங்குதான்: கால், அரை, முக்கால், முழுமை. முன்பு அவசரப்பட்டு வாங்கிய அனுபவம் போதும். எலும்பு அடியோடு நின்றது. அதற்குப் பதில் முட்டை ஓட்டுத்தூள். கறியோடு குழைந்த சோறு, பூசணி, கேரட். உப்பில்லை, வெங்காயமில்லை. ஆண்டுக்கு இருமுறை டாக்டர் பட்டியலைப் பார்த்துச் சரிசெய்கிறார். வீட்டுச் சமையலிலும் சில சத்துகள் குறையத்தான் செய்யும் என்று அதற்கு ஒரு பொடி எழுதித் தந்திருக்கிறார். பத்து நாளில் ஜிம்மி புது உணவுக்கு வந்துவிட்டது. பல் வெண்மைக்காகவாவது பச்சை எலும்பு வேண்டும் என்றான் மகன். அந்த அம்மாள் இப்போது நாய்க்குப் பல் துலக்கிவிடுகிறார்.

2025 பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம். மூன்றாம் மாதம் முடிந்து மகள் ஊருக்குக் கிளம்பினாள். ரயிலேற்றிவிட்டு வந்த அன்றே மகன் கேட்டான்: "இனி மறுபடி பச்சைக்கே மாற்றிவிடலாமே அம்மா? இப்போதுதான் வீட்டில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை."

தொலைபேசியைக் காதில் வைத்தபடி அவர் பால்கனியைப் பார்த்தார். மாமியார் மோடாவில் உட்கார்ந்திருந்தார். வயது 86. ஜிம்மி அவர் கையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையாலேயே அவர் முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கர்ப்பிணிகள், சிசுக்கள், முதியவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள். டாக்டர் சொன்ன பட்டியலில் மூன்றாவதாக இருந்தவர் இரண்டரை ஆண்டுகளாக அந்த பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார். தட்டு மட்டும் என் பக்கம் வரக்கூடாது என்றார், தட்டு வரவில்லை. நாய் வந்தது. மகளுக்காக ஒரே நாளில் நடுங்கிய வீடு, இந்தக் கிழவியை ஒரு நாளும் கணக்கில் சேர்க்கவில்லை. "ஒன்றும் ஆகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை," என்கிறார் அந்த அம்மாள்.

மகனுக்கு அவர் சொன்ன பதில் சுருக்கமானது: "பாட்டி இருக்கிறாள்."

பச்சை உணவை அவர் இப்போதும் பழிப்பதில்லை. இளவயதினர் மட்டும் இருக்கும் வீடு, ஆரோக்கியமான வளர்ந்த நாய், கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பொறுமை, கண்காணிக்க ஒரு டாக்டர், இவ்வளவும் இருப்பவர்கள் துணிந்து செய்தால் அது அவர்கள் இஷ்டம் என்கிறார். குட்டிக்கும், கிழட்டு நாய்க்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கும் வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் வந்து யோசனை கேட்டாலும், "நாய்க்கு என்ன வயது?" என்பதற்கு முன்னால் "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்கிறார்.

ஜதுபாபு பஜாரில் கோழிக்காரர் மட்டும் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை. தினமும் கழுத்து வேண்டாமா என்று கேட்டுப் பார்க்கிறார். கறியும் முப்பது கிராம் ஈரலும் கூடையில் ஏறுகின்றன. ஏழரை மணிக்குப் பால்கனியில் குக்கர் முதல் விசில் அடிக்கும்போது, ஜிம்மி மோடாவின் காலடியிலிருந்து எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு தன் தட்டின் முன்னால் போய் உட்காருகிறது.